நாமகிரிப்பேட்டை விடுதியில் வெயில் காய்ச்சிய வெந்நீர்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறினேன். சேலத்தில் மாறி, மல்லூர், ஆண்டகளூர்கேட் வழியாக ராசிபுரம். அங்கே நாமகிரிப்பேட்டை பஸ். டிக்கெட் விலை மறந்துவிட்டது.

"எங்கீங்க ஆத்தா?" என்றார் கண்டக்டர்.

"பொண்ணுங்க காலேஜுங்க."

"இந்த வயசுல படிக்கவா போறீங்க?"

பஸ்ஸே சிரித்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மஞ்சள் காடுகளையே பார்த்து வந்தேன்.

அந்தக் கல்லூரி விடுதியில் என் மகள் செல்வி வார்டன். அவள் சொல்லித்தான் விறகு பாய்லரை நிறுத்தி, மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்தார்கள். ஆனால் விடிந்தால் குழாயில் பச்சைத்தண்ணீர். மெக்கானிக் வந்து பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று போய்விட்டார். "வெள்ளிக்கிழமை காலையில நானே வந்து பாப்பேன். அன்னிக்கும் பச்சத்தண்ணின்னா பாய்லரை மூட்டிருங்க, நீங்களும் வேற வேலை பாத்துக்குங்க" என்று தாளாளர் அம்மாள் சொல்லிவிட்டார். அதனால்தான் மகளுக்குத் துணையாகப் போனேன்.

மதியம் மாடிக்குக் கூட்டிப்போனாள். வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், மேலே பெரிய தொட்டிகள். பைப்பைத் தொட்டேன், கை சுட்டது.

"இத்தனை சூடும் ராத்திரியோட எங்கம்மா போகுது?" என்றாள்.

சாயங்காலம் ஐந்து மணி. அவள் குளியலறையில் குழாயைத் திறந்தேன், ஆவி பறக்க வந்தது. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. பக்கெட், குடம், அண்டா எல்லாம் நிரப்பினேன்.

செல்வி வந்து பார்த்தாள். "இத்தனையும் எதுக்குங்கம்மா?"

"காலையில வருமோ வராதோ சாமி, புடிச்சு வெச்சேன்."

சட்டென்று பிள்ளைகள் தங்கும் மாடிக்கு ஓடினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். பிள்ளைகள் அப்போதுதான் வகுப்பு முடிந்து வந்திருந்தார்கள். முதல் அறையிலேயே இரண்டு பக்கெட்டில் வெந்நீர்.

"நாளைக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கோணுங்க மேடம். காலையில பச்சத்தண்ணிதானுங்களே வருது? அதான் தெனமும் எல்லாரும் சாயந்தரமே புடிச்சு வெச்சுக்கறமுங்க" என்றாள் அந்த அறைப் பிள்ளை.

"விடியறதுக்குள்ள பக்கெட்டுல அது ஆறிப்போகுது. காலியான தொட்டியில பச்சத்தண்ணி ரொம்பிக்குது. ராத்திரி வெயிலா அடிக்குது, அதைக் காய்ச்ச?" செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒருத்தரும் புடிச்சு வெக்கப்படாது!"

"வார்டனோட அம்மாவே புடிச்சிருக்காங்க போலிருக்குதுங்க, சீலையெல்லாம் ஈரம்!" என்றாள் ஒருத்தி. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் அறை அறையாகப் போய்க் குழாய்களை மூடவைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. பாதிப் பிள்ளைகள் குளித்து முடித்திருந்தார்கள். தாளாளர் அம்மாள் நேராகக் கடைசிக் குளியலறைக்குப் போய்க் குழாயடியில் கையை நீட்டினார்.

"ஐயோ, சுடுது!"

எண்ணெய் வழியும் தலைகளோடு பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

"செல்வி, அந்தப் பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஜெயிச்சுட்டமுங்கம்மா" என்று செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள்.

தொட்டி எத்தனை லிட்டர், குழாய்கள் எந்தத் திசை பார்த்துச் சாய்ந்திருந்தன என்றெல்லாம் அவள் சொன்னாள், மறந்துவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். வெந்நீர் கடைசிவரை வந்ததைச் சரிபார்க்க வேண்டியதில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் கடைசியாகக் குளித்தவள் நான்தான்.