மடிப்புக் கலையாத நான்கு கெபாயா

பேருந்தில் ஏறியதும் லம்ரியாவின் கண்ணில் முதலில் பட்டது அம்மாவின் பனியன்தான். போன தேர்தலில் தோற்ற யாரோ ஒருவரின் முகம் போட்ட மஞ்சள் பனியன். கீழே சாயம் போன சாரோங். சுற்றிலும் லும்பான் ரிஹித் ஊர்த் திருச்சபையின் பெண்கள் முப்பது பேரும் கருஞ்சிவப்புக் கெபாயா மேற்சட்டை உடுத்தி, தோளில் உலோஸ் நெசவுத் துண்டை மடித்துப் போட்டு, கொண்டை கலையாமலிருக்கக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கெபாயா மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள், அவள் மடியில் இருந்தது.

"ஏம்மா இன்னும் மாத்தல?"

"கசங்கிடும்டி. அங்க போய் மாத்திக்கறேன்."

"போன தடவையும் இதையேதான சொல்லியிருப்ப?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின் இருக்கையிலிருந்து பாடற்குழுத் தலைவி ஹோத்மாயிதா எட்டிப் பார்த்தாள். "டீச்சர், மேதான்ல இருந்து லீவு போட்டு வந்திருக்க. இது மகளிர் மாநாடும்மா, மாப்பிள்ளை எவனும் வரமாட்டான். வர்ற ஒரே ஆம்பளை போதகர். அவருக்கும் அஞ்சு புள்ளைங்க."

பேருந்து முழுக்கச் சிரித்தது. லம்ரியா சிரிக்கவில்லை.

போன மாதம் பிறப்புச் சான்றிதழைத் தேடி அம்மாவின் அலமாரியைக் குடைந்தபோதுதான் பழைய கெபாயாக்கள் கிடைத்தன. பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று, பொன்சரிகை போட்ட வெள்ளையில் ஒன்று. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாடற்குழு சீருடையின் நிறத்தை மாற்றும். மூன்றிலும் கற்பூர வாசம். தையற்காரர் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. பொத்தான் துளைகள் எதிலும் பொத்தான் நுழைந்த தடமே இல்லை. இந்த வருடக் கருஞ்சிவப்போடு நான்கு.

அம்மாவின் பெயர் தியோமினார். ஊரில் லம்ரியாம்மா. வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கும்போது பாடுவாள். முதல் குரல் பாட யாரும் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டின் இரண்டாம் குரலை மட்டும் தனியாகப் பாடுவாள். பக்கத்து வயல்காரிகள் தங்கள் பாத்தியில் இருந்தபடியே முதல் குரலைச் சேர்த்துக்கொள்வார்கள். மாநாட்டுக்கு முன் மூன்று மாதம், வியாழன்தோறும் ஒத்திகைக்கு ஒரு நாள் தவறாமல் போவாள். வயலில் நின்ற சேற்றுக் காலோடு போவாள். ஆனால் மாநாட்டு நாளில் பாடற்குழு போட்டிக்கு மேடையேறும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். இதை லம்ரியா இந்த வருடம்தான் தெரிந்துகொண்டாள். இருபத்தாறு வயது, வேதியியல் பட்டம், வீட்டுச் சுவரில் கறுப்பு அங்கி போட்ட புகைப்படம், இத்தனை இருந்தும் இது தெரியவில்லை. அந்தக் கோபத்தில் பாதி யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதனால்தான் இந்த முறை இரண்டு பேருக்கும் அவளே பெயர் பதிந்தாள். இருக்கை எண் 146, 147. அம்மாவை மேடையில் பார்க்காமல் திரும்புவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

ஏரிக்கரை ஊரின் சபை மண்டபத்து வாசலில் பேருந்து நின்றதும் அத்தை ருஸ்மினா எதிரே வந்தாள். அம்மாவின் அண்ணன் மனைவி. மாநாட்டின் உணவுக் குழுத் தலைவி. கையில் ஒரு சமையல் ஏப்ரன்.

"வந்துட்டியா தியோமினார்? மீன் இன்னும் கழுவல. ஆண்டலிமான் மிளகு இடிக்கத் தெரிஞ்சவ ஒருத்திகூட இல்ல இங்க. ஓடு."

"அத்தை, அம்மா இன்னிக்குப் பாடப் போறாங்க" என்றாள் லம்ரியா.

"பாடட்டும், யாரு வேணாங்கறா? அண்டா பக்கத்துல நின்னு பாடச் சொல்லு. சோறு பதமா வேகும்." அத்தை கலகலவென்று சிரித்தாள். "நாங்க பொண்ணு குடுத்த வீடுடி. பொண்ணு எடுத்த வீடு அடுப்படியில நிக்கறது நானா போட்ட சட்டமா?"

கல்யாணத்திலும் சாவிலும் அந்த வழக்கம் உண்டுதான். பெண் கொடுத்த வீட்டார் பாயில் உட்காருவார்கள், எடுத்த வீட்டார் பரிமாறுவார்கள். லம்ரியாவுக்கு அதில் வருத்தமில்லை. இன்னொரு வீட்டில் தன் அம்மாவும் பாயில் உட்காருகிறவள்தான். ஆனால் இது சபை மாநாடு. சபைக்குள் குல வழக்கம் இல்லையென்று போதகர் வருடாவருடம் சொல்கிறார். அடுப்படி சபையின் சுவருக்கு வெளியே இருந்தது.

"இங்க அந்த வழக்கம் கிடையாது அத்தை."

"லம்ரியா!" அம்மா அவள் கையைக் கிள்ளினாள். வலித்தது. "வாயை மூடிட்டு உள்ள போய் உக்காரு. ஏழாவதாத்தான் நம்ம பாட்டு. நான் வந்துடறேன்."

பையை லம்ரியாவின் கையில் திணித்துவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டே போனாள்.

லம்ரியா 146இல் உட்கார்ந்தாள். 147இல் பிளாஸ்டிக் பை உட்கார்ந்தது. ஜெபம், பிரசங்கம், பிறகு நன்றியுரை. மேடையில் இருந்த பெண்மணி ஒலிபெருக்கியில், "நமக்காக அடுப்படியில் உழைக்கும், கண்ணுக்குத் தெரியாத தேவதைகளுக்குக் கைதட்டுவோம்" என்றாள். நானூறு பெண்கள் கைதட்டினார்கள். லம்ரியா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாதவர்களாம். இருபது அடி தள்ளி, ஜன்னலுக்கு வெளியே புகை தெரிகிறதே, தலையைத் திருப்பினால் போதுமே.

நான்காவது குழு பாடி இறங்கியது. ஐந்தாவது குழு ஏறியது. அம்மா வரவில்லை. லம்ரியா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தகரக் கொட்டகைக்கு அடியில் மூன்று அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அம்மா சோற்று அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். பனியனில் இருந்த வேட்பாளரின் முகம் வியர்வையில் நனைந்து அழுவதுபோல் இருந்தது. அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து லாப்பேட் கொழுக்கட்டையைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, கிளம்பு. இன்னும் ஒரு குழுதான் இருக்கு."

"சோறு தம் போடற நேரம்டி…"

"வேற யாராவது போடட்டும். அத்தை போடட்டும்."

கொட்டகையில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் கையை நிறுத்தினார்கள். அத்தை வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு நிதானமாக எழுந்தாள்.

"படிச்ச திமிரு. மூணு வருஷம் எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு ஹைஸ்கூல் முடிச்சப்ப இந்த வாய் எங்க போச்சு? உன்னை வெச்சுக்கிட்டதுக்குத்தான்டி உங்கம்மா இங்க நிக்கறா. அன்னிலேர்ந்து இன்னிவரைக்கும். சபை வேலை, என் வீட்டு விசேஷம், எல்லாத்துக்கும். கேட்டுப் பாரு."

"அண்ணி!" என்றாள் அம்மா. துடுப்பு நின்றது. "அவகிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒரே ஒரு வார்த்தைதான உங்ககிட்டக் கேட்டேன்?"

லம்ரியா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பள்ளியில் பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், நான் யார் தயவும் இல்லாமல் படித்தவள் என்று. பெருமையாக, கரும்பலகையில் சாய்ந்துகொண்டு. வெட்கம் முதலில் வந்தது. அதற்குப் பின்னால், வேறொன்று, சூடாக.

"என்னை வெச்சுக்கிட்டதுக்கா?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அத்தை, அந்த மூணு வருஷமும் உங்க வீட்டுப் பாத்திரம் யாரு தேய்ச்சா?"

அத்தை கொழுக்கட்டை இலையைச் சுருட்டினாள்.

"உங்க அஞ்சு பேர் துணி? விடிகாலையில பன்னிக்குத் தீனி? உங்க கடையில சனி ஞாயிறு? பரீட்சைக்கு முந்தின நாள்கூட."

"வீட்டுல இருந்தா வேலை செய்ய மாட்டாங்களா? பெரிய இதுவா பேசற."

"பாத்திரம் தேய்ச்சியா?" என்று கேட்டது அம்மா.

மெதுவாகத்தான் கேட்டாள். லம்ரியா தலையை ஆட்டினாள்.

"தினமுமா?"

"தினமும். சொன்னா நீ என்னைக் கூட்டிட்டுப் போயிடுவ. படிப்பு நின்னுடும். அதான் சொல்லல."

அம்மா அண்ணியைப் பார்த்தாள். பதினோரு வருடம் குனிந்து பார்த்தே பழகிய கண்கள், இப்போது நேராகப் பார்த்தன. "மகளா வெச்சிருக்கேன்னு சொன்னீங்க. படிக்க விட்டு வேற வேலையே குடுக்கறதில்லன்னு ஜெபக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னீங்க. நான் அழுதேன் அன்னிக்கு. என்கிட்டயும் வாங்கிட்டு, என் புள்ளகிட்டயும் வாங்கியிருக்கீங்க."

"தியோமினார், எல்லாரும் பாக்கறாங்க…"

"பாக்கட்டும். தேவதைங்கதான, கண்ணு இருக்காதா?"

அம்மா ஏப்ரனை அவிழ்த்தாள். அதைத் தரையில் போடவில்லை. மடித்து, துடுப்போடு சேர்த்து, அண்ணியின் கையில் வைத்தாள். பெண் கொடுத்த வீட்டார் கையில் துடுப்பைக் கொடுப்பதை அந்தக் கொட்டகையில் யாரும் கண்டதில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தீயைக் குறைச்சு வைங்க. அடிப்பிடிக்கும்."

பனியனுக்கு மேலேயே கெபாயாவை மாட்டினாள். துளைகள் விறைத்திருந்தன. பொத்தான் நுழைய மறுத்தது. லம்ரியா உதவிக்கு நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். ஒரு துளை தவறி, கெபாயா இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கி நின்றது. மண்டபத்துக்குள் ஏழாவது குழுவை அழைத்தார்கள். அம்மா ஓடவில்லை. புகை மணக்க, கோணிய கெபாயாவோடு மண்டபத்தின் நடுப்பாதையில் நடந்து போனாள்.

ஹோத்மாயிதா வரிசையில் இடம்விட்டாள். பாட்டு தொடங்கியது. அம்மாவின் முதல் அடியில் குரல் உடைந்தது; புகையாலோ எதனாலோ. இரண்டாம் அடியில் கிடைத்துவிட்டது. அன்பைப் பற்றிய பாட்டு அது. அம்மா அதை யாருடனோ சண்டை போடுவதுபோல் பாடினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் குரல் மிகவும் ஓங்கிவிட்டதாக நடுவர் எழுதியிருந்தார்.

மதியம் சோறு அடிப்பிடித்திருந்தது. அம்மா 147இல் உட்கார்ந்து, பரிமாறப்பட்ட பொட்டலத்தைப் பிரித்து, தீய்ந்ததையும் ஒதுக்காமல் முழுவதும் சாப்பிட்டாள். 

திரும்பும்போது பேருந்தில் கேலி இல்லை. ஏரி கண்ணிலிருந்து மறைகிற திருப்பத்தில்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"வெந்நி குடுத்தாளா?"

"என்னது?"

"பாத்திரம் தேய்க்க. காலையில ஏரித் தண்ணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வெந்நி குடுத்தாளா இல்லையா?"

"இல்ல."

 அம்மா லம்ரியாவின் கையை எடுத்துத் திருப்பி, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், பதினோரு வருடத்துக்கு முந்தைய வெடிப்புகள் இன்னும் அங்கே இருப்பதுபோல.

"பொய் சொன்ன கழுதை" என்றாள்.

"நீ சொல்லலையா?"

"நான் அம்மாடி. எனக்கு உரிமை இருக்கு." கையை விடவில்லை. "ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம். நீயும் வர்ற. அவன் முன்னாடி இதையெல்லாம் திருப்பிச் சொல்ற. பன்னிக்குத் தீனி வெச்சது வரைக்கும்."

"கண்டிப்பா இதையே போட்டுக்கிட்டு வா" என்றாள் லம்ரியா, கெபாயாவைக் காட்டி.

அம்மா குனிந்து பார்த்தாள். ஒரு துளை தவறி ஏறியிருந்த பொத்தான்களை அப்போதுதான் கவனித்தாள். சரிசெய்யக் கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இப்படியேதான் வருவேன்" என்றாள்.