வெட்டிவிட்ட எர்த் ஒயர்

திண்டிவனத்தில் அம்மா இட்லிக் கடை நடத்துகிறார். மார்கழிக் குளிரில் மாவு பொங்காததால், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்த நான் வெந்நீர்த் தொட்டிக்குள் மாவுக் குண்டானை இறக்கி, ஹீட்டர் சூட்டைத் தானாகவே கட்டுப்படுத்தும் கருவி செய்தேன். வீட்டில் எர்த் வசதி இல்லை. ஆபத்து என்று தெரிந்தேதான், ஷாக் அடிக்காமல் காக்கும் ஹீட்டரின் எர்த் ஒயரை வெட்டிவிட்டேன்.

“இனிமே மெஷினே பாத்துக்கும்மா, நீ தொடாத.”

“போடா, கையால கலக்குனாதான் மாவு பொங்கும்” என்று சிரித்தார்.

மறுநாள் காலை, கலக்கக் கை வைத்தவரை மின்சாரம் தூக்கி எறிந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில், வலது கை விரல்கள் இனி நிமிராது என்றார்கள். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார்.

“புள்ள தொடாதன்னு சொல்லிக்கினுதான் இருந்தான் சார். படிக்காதவ, நாந்தான் தொட்டுட்டேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது மாவை நான் கலக்குகிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் அம்மா இன்றும் அதையேதான் சொல்கிறார். படித்த நான் இன்னும் வாய் திறக்கவில்லை.