கோதண்டம் மாமா எடுத்த உளி

கடலூர் ஓல்டு டவுனில் ஓர் இரும்புக் கடையில் உளி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா போன் பண்ணினாள். ஆவணி மாத வெயில். கடைக்காரர் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். "ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவுங்க மாதிரி ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாக்கற? எல்லாம் ஒரே பெட்டியில வந்ததுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். "மாமா பூட்டாருடி" என்றாள் அக்கா. அழவில்லை.

கையில் ஓர் உளி இருந்தது. அதன் முனைப் பக்கம் அரத்தை ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். அரம் கடித்தது. நல்ல எஃகாக இருந்தால் அரம் வழுக்கும், கடித்தால் அது மெது. "இது வேணாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, எடுத்து வைத்திருந்த நல்லவற்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சாவுச் செய்தி வந்த நேரத்தில் இப்படியா என்று வேறு யாராவது கேட்கலாம். மாமாவிடம் வேலை பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். வந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தால் செத்தவர் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறார்கள். "நீதான் பட்டறையில அவரு கூடவே குந்திக்கிட்டு இருந்தவ. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு" என்றாள் அக்கா. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நல்லதாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வந்ததை எழுதியிருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் படிக்கப் போகிறீர்கள், உங்களிடம் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது.

கோதண்டம் மாமா என் அக்கா வீட்டுக்காரர். சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகிற வழியில் பட்டறை வைத்திருந்தார். கதவு, ஜன்னல், ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கட்டில், மேசை. எங்களுக்கு அப்போது கடலூர் பக்கம் கடலோரத்து ஊர். என் வீட்டுக்காரர் செல்வம் மரப் படகு செய்கிறவர். சுனாமி வந்தபோது நாங்கள் பிழைத்தோம், செல்வத்தின் சாமான் பெட்டி போய்விட்டது. உளி, இழைப்புளி எல்லாம் அவருடைய அப்பா வைத்திருந்தவை. உளி இல்லாத தச்சனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

அப்போது வெளியூரிலிருந்து உதவ வந்தவர்கள் தச்சு வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சாமான் பெட்டி தருவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்து ஹாலில் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் விடிந்ததிலிருந்து வரிசையில் நின்றோம். கொடுப்பதற்கு முன்னால் சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தெரிந்த ஆள் ஒருவரைச் சிதம்பரத்திலிருந்து அழைத்து வந்தார்கள். வந்தவர் எங்கள் மாமா. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நம்ம மாமாதானே என்று பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

மாமா ஒரு பெட்டியைத் திறந்து உளியை எடுத்தார். கருவேலங்கட்டை ஒன்றை அவரே கொண்டு வந்திருந்தார். அதன் முடிச்சில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் நாலு போடு போட்டார். தூக்கிக் காட்டினார். முனை சுருண்டிருந்தது. அடுத்த பெட்டியையும் திறந்தார். அதற்கடுத்ததையும். "இத்த வச்சு வாழக்காதான் நறுக்கலாம். எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க" என்றார்.

வரிசையில் நின்ற ஒருத்தி, "வாழக்கா நறுக்கவாவது குடுங்கய்யா. எங்க வூட்ல அதுவும் இல்ல" என்றாள். யாரோ சிரித்தார்கள். மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டிகள் லாரியில் திரும்பிப் போயின. அதற்குப் பதிலாக நல்ல பெட்டிகள் வரும் என்றார்கள். வரவில்லை. மெது எஃகு உளியாக இருந்தாலும் அந்தப் பெட்டியில் ரம்பமும் சுத்தியலும் இருந்தன என்று செல்வம் அதன் பிறகு பல தடவை சொல்லியிருக்கிறார்.

வேறு வழி இல்லாமல் அந்த மாமாவிடமே வேலைக்குப் போனோம்.

அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தக் கோணிச் சாக்கு ஞாபகம் இருக்கும். புதிதாக ஆள் சேர்ந்தால் காலையில் சாக்கை விரித்து அதன் மேல் உளிகளைக் கொட்டுவார். நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும். அரம் இருக்கும், கல் இருக்கும், கட்டை இருக்கும். எப்படி வேண்டுமானாலும் சோதிக்கலாம், யாரையும் கேட்கக் கூடாது. எதை எடுத்தாயோ அதுதான் உனக்கு ஒரு வருஷத்துக்கு. இன்னொருவரிடம் இரவல் வாங்கக் கூடாது. ஆள் எடுத்து முடித்ததும் மாமா கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவார். ஒவ்வொன்றாகத் தூக்கி, கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்து, விரலால் சுண்டி, இருப்பதிலேயே நல்லதைத் தனியாக எடுத்து வைப்பார். "இது இங்கியேதான் கெடந்துது" என்று வந்தவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அதைக் கொண்டுபோய்ப் பூட்டி வைப்பார்.

செல்வம் அதுவரை உளி வாங்கியதே கிடையாது. படகு செய்கிறவர்களுக்கு உளி அப்பாவிடமிருந்து வரும். உளியைப் பிடிக்கத் தெரியும், பொறுக்கத் தெரியாது. மஞ்சள் பிடி போட்ட ஒன்றை எடுத்தார். பிடியைச் சுற்றிய பூண் பளபளவென்று இருந்தது. அப்பாவுடைய உளி மாதிரியே கனம் என்று என்னிடம் வந்து சொன்னார். அவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். மாமாவும் சிரித்தார். "பளபளப்பு கடைக்காரனுக்கு. உனக்கு முனை மட்டுந்தான்" என்றார். எடுத்த பிறகுதான் சொன்னார்.

எனக்குத் தீட்டுக் கல்லடியில் வேலை. எல்லோருடைய உளியையும் நான்தான் தீட்டுவேன். நல்ல உளி கல்லில் மெல்லத்தான் தேயும், பிசிறு மயிர் மாதிரி வரும். செல்வத்தின் உளி சோப்பு மாதிரி தேய்ந்தது. காலையில் தீட்டிக் கொடுப்பேன், டீ வருவதற்குள் மொண்ணையாகித் திரும்பி வரும். மதியம் மறுபடியும் வரும். "செல்வம், கட்டிலுக்குத் துளை போடறது நீயா, உன் பொண்டாட்டியா?" என்று பட்டறையே கேட்டது. மாமாவிடம் போய் வேறு உளி கொடுக்கச் சொன்னேன்.

"அடுத்த ஆடி வரைக்கும் அதான்."

"மாமா, கட்டினவன் கஷ்டப்படறத நான் எப்படிப் பாத்துக்கினு இருக்கறது?"

"அந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்து தீட்டு" என்றார்.

ஆடி வரவில்லை, பங்குனியிலேயே முடிந்துவிட்டது. கட்டில் காலுக்குத் துளை எடுத்துக்கொண்டிருந்தார் செல்வம். மொண்ணை உளிக்கு இரண்டு மடங்கு அடி தேவை. முடிச்சில் ஏறாமல் வழுக்கி, மரத்தைப் பிடித்திருந்த இடது கைக் கட்டைவிரல் அடியில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்காது.

மாமா பன்னும் காப்பியும் வாங்கிக்கொண்டு வந்தார். தினமும் அக்காவிடம் சோறு கொடுத்து அனுப்பினார். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "சாக்கை விரிச்சது தப்புன்னு ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லுங்க மாமா. போதும்."

"எடுத்தது அவன். நான் எதுக்குச் சொல்லணும்?" என்றார். காப்பி ஆறுது, குடி என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அந்தப் பட்டறையிலேயே கிடந்தேன். வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். செல்வத்துக்குப் பாலீஷ், பெயிண்ட் அடிக்கிற வேலை கொடுத்தார் மாமா. அந்த மஞ்சள் பிடி உளியைப் பெயிண்ட் டப்பா மூடி நெம்ப வைத்துக்கொண்டார்கள். தன் விரலை வெட்டிய உளியால் தினமும் டப்பா திறந்தார் செல்வம். "இதுக்கு இதான் லாயக்கு" என்பார் மாமா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம். செல்வத்தைச் சொன்னாரா, உளியைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தீட்டிக்கொண்டே இருந்தேன்.

வருஷங்கள் போயின. மாமாவுக்குச் சர்க்கரை வந்தது. கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். கை விரலிலும் உணர்ச்சி குறைந்துகொண்டு வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். டீ கிளாஸைச் சூடு தெரியாமல் பிடித்துக்கொண்டிருப்பார். தீட்டக் கொடுக்கும் உளியில் அவருடைய ரத்தம் இருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது.

போன தீபாவளி முடிந்து புது ஆள் ஒருவர் சேர்ந்தார். சாக்கை விரித்தார்கள். முந்தின நாளே நான் அந்த மஞ்சள் பிடி உளியை எடுத்து, பெயிண்டைச் சுரண்டி, துரு போகத் தேய்த்து, என் கைக்கு வந்த மட்டும் தீட்டி வைத்திருந்தேன். புது ஆள் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டதும், மாமா பார்க்காத நேரம் மஞ்சள் பிடி உளியைச் சாக்கில் போட்டேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கினார். நகத்தில் வைத்தார், சுண்டினார், கனம் பார்த்தார். முன்பெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அன்றைக்கு ஆகிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றைப் பிடித்து மேலே தூக்கினார்.

"இதான். இங்கியேதான் கெடந்துது."

"கண்ணைத் தொறந்து பாருங்க மாமா" என்றேன்.

பார்த்தார். பூண் ஓரத்தில் பச்சை பெயிண்ட் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இழைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். செல்வம் பெயிண்ட் அடிக்கும் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நீ போட்டியா?"

"ஆமா."

முனையை மறுபடியும் நகத்தில் வைத்தார். "நல்லா தீட்டியிருக்க" என்றார். எழுந்து, உளியை இடுப்பில் சொருகிக்கொண்டு, தன் உளிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சோறு கொண்டு வந்திருந்த அக்காவிடம் கொடுத்தார். "அடுத்த தீபாவளிக்குக் குடு" என்றார்.

விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். "வுடுங்கண்ணே, அது ஏதோ பண்ணிடுச்சு" என்று வேலை செய்கிறவர்கள் கெஞ்சினார்கள். "நான் எடுத்தது. என்னா இப்ப?" என்றார். மறுநாளிலிருந்து அந்த உளியோடு மல்லுக்கட்டினார். டீ வருவதற்குள் மொண்ணையாகும். வரிசையில் நின்று என்னிடம் நீட்டுவார். தீட்டிக் கொடுப்பேன். அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். எனக்கு வருத்தமாக இருந்ததா என்று அக்கா பிறகு கேட்டாள். இல்லை. இன்றைக்கும் இல்லை.

புது உளி வாங்க என்னை அனுப்ப ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். எனக்குப் பொறுக்கத் தெரியும் என்று அவர் வாயால் சொல்லவில்லை. "எனக்கு பஸ் ஏற முடியல, நீ போ" என்றார். வாங்கி வந்ததைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார். திட்டவும் மாட்டார். அவர் திட்டாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு நாள் தீட்டக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "எட்டு மாசம் இத்த வச்சு எப்படித்தான் ஓட்டினானோ. எனக்கு ஒரு வாரத்துலயே கை வுட்டுப் போச்சு" என்றார். நான் கல்லில் தண்ணீர் விட்டேன். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். உளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் செல்வத்திடம் சொன்னேன். "அப்ப ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா ரெண்டு கையாலயும் கும்பிட்டிருப்பேன்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நான் வீட்டுக்குப் போனபோது மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். அக்கா அந்த மஞ்சள் பிடி உளியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்து, "இத்தயும் அவரோட அனுப்பிடலாம்" என்றாள். செல்வம்தான் குனிந்து அதை எடுத்தார். மடங்காத விரலோடுதான் எடுத்தார். "இன்னும் வருஷம் முடியலியே, அண்ணி" என்று சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தார். சாவு வீட்டில் சொல்லக்கூடிய பேச்சா அது. ஆனால் யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பட்டறைச் சாமானில் எனக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்கா மாமாவின் பெட்டியைத் திறந்து வைத்தாள். விரலில் உணர்ச்சி இருந்த காலத்தில் அவர் பொறுக்கியவை. ஒவ்வொன்றையும் அரம் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடக் கடிக்கவில்லை. செல்வத்துக்கு மட்டும் அன்றைக்கு இதில் ஒன்று கிடைத்திருந்தால் என்று நினைத்தேன். பெட்டியை மூடி அக்காவிடமே கொடுத்துவிட்டேன்.

அந்த வார்த்தையை மாமா சொல்லவே இல்லை. கெட்ட உளி ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு பத்து மாதம் நடந்தார். அவரிடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான், அந்த உளியும்தான். இப்போது அது என் கல்லடியில் இருக்கிறது. தினமும் காலையில் எல்லோருடைய உளியையும் தீட்டி முடித்த பிறகு அதையும் எடுத்துத் தீட்டி வைக்கிறேன். பிடிக்க ஆள் இல்லாததால் மாலை வரைக்கும் கூர் அப்படியே இருக்கிறது. மறுநாள் காலையில் மறுபடியும் தீட்டுகிறேன். தீபாவளி வரைக்கும் இப்படித்தான். அதற்குப் பிறகு செல்வம் அதை எடுத்துப் பெயிண்ட் டப்பா திறந்துகொள்ளட்டும்.