மூன்றாவது சத்தம்

பதற்றம் வந்தால் கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்ல வேண்டும், நான்கைத் தொட வேண்டும், மூன்று சத்தம் கேட்க வேண்டும், இரண்டு வாசனை, கடைசியில் ஒரு ருசி. ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் கொடுக்கும் மேடம் என் கணவருக்கு இந்தியில் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் தமிழில் நடத்தியவள் நான். பத்துக்குப் பத்து ரூமில் ஐந்து பொருளுக்கா பஞ்சம்? மிக்ஸி, காலண்டர், சிலிண்டர், தைத்து முடிக்காத தோல் பை என்று அடுக்கிவிட்டு, ஐந்தாவதாக "உன் மூஞ்சி" என்பார். ருசிக்கு டீ. அதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

தாராவியில் எங்கள் ரூம் மாடியில். ஏறி இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி. முடியாத ஆளைக் கீழே இறக்க நான்கு பேர் வேண்டும், இடுப்பில் வேட்டியைக் கட்டித் தாங்கிப் பிடிக்க வேண்டும். நெஞ்சு அடைக்கிறது என்று அவர் சொன்ன முதல் இரண்டு தடவையும் அப்படித்தான் இறக்கினோம். சந்து முழுக்க வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. இரண்டு தடவையும் ஈசிஜி நார்மல். வெறும் பதற்றம் என்றார்கள். தன் காலாலேயே ஏணி ஏறியவரைப் பார்த்து, "அடுத்த தடவ பல்லக்கு செஞ்சு வச்சிருதோம் அண்ணாச்சி" என்றார் கீழ்வீட்டுக்காரர். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் மானம் போயிற்று.

அதனால் மூன்றாம் தடவை நான் யாரையும் கூப்பிடவில்லை. வேலை நாள், காலை நேரம். அடுப்பில் டீயை வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். ஐந்தும் சொன்னார், என் மூஞ்சியையும் சேர்த்து. நான்கு தொட்டார். கை ஈரமாக இருந்தது. பதறும்போது எப்போதும் அப்படித்தான். இடது தோள் வலிக்கிறது என்றார். தையல் மெஷினில் குனிந்தே கிடந்தால் வலிக்காதா என்றேன்.

"சத்தம் சொல்லுங்க."

"ஃபேன்." கொஞ்சம் கழித்து, "கீழ மெஷின் ஓடுது."

"இன்னொண்ணு?"

"ஏளா, ஒண்ணும் கேக்கல."

"நல்லாக் கேளுங்க" என்று அதட்டினேன்.

கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நான் சொன்னபடி கேட்கப் பார்த்தார். டீ பொங்கியது. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். சாய்ந்தபடியே இருந்தார்.

மறுபடியும் வேட்டி, நான்கு பேர். கேலி செய்தவர்தான் தலைப்பக்கம் பிடித்திருந்தார், அழுதுகொண்டே. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து அவரை மேலேயே உட்காரவைத்தவள் நான்.

இப்போது பதற்றம் எனக்கு. அதே மேடம் அதையே முதலிலிருந்து சொல்லித்தந்தார். தெரியாதவள் போல விரல் மடக்கி எண்ணிக்கொண்டேன். வாஷிக்கு வேலைக்குப் போகும் ரயிலில், கோவண்டி ஸ்டேஷன் தாண்டியதும் நெஞ்சு படபடக்கும். ஐந்து பார்த்துவிடுவேன். நான்கு தொட்டுவிடுவேன். பிறகு கண்ணை மூடுவேன். ரயில் சத்தம் கேட்கும். பக்கத்தில் யாரோ போனில் பேசுவது கேட்கும். மூன்றாவதாக, நான் அவரை அதட்டுவது கேட்கும்.