ஞாயிற்றுக்கிழமைக் கொடிக்கயிறு

முர்டினாவின் முழங்கால் வலி கிளாஸ்கோவில் ஆரம்பித்தது. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளை வெளுத்தே அவளுடைய இளமை கரைந்தது. கப்பலில் வேலை பார்த்த ரூரி, அடுத்த முறை கரைக்கு வந்ததும் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த முறை அவன் இறங்கிய கரை நியூசிலாந்து. மனைவியும் அங்கேயே அமைந்துவிட்டாள். செய்தி வந்த வாரம் முர்டினா ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பாள். ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று பயந்து, அந்த அழுகையை அப்படியே உள்ளே போட்டு மூடிவிட்டாள்.

பிறகு அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று அண்ணன் டோர்மட் சொல்லி அனுப்பினான். பெட்டியைக் கட்டிக்கொண்டு லூயிஸ் தீவுக்குத் திரும்பினாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், அவர் போனார். அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், அவளும் போனாள். நிமிர்ந்து பார்த்தபோது முர்டினாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பால்மோர் ஊரின் கடைசியில், கடலைப் பார்த்தபடி, அப்பாவின் கல்வீடு காலியாக நின்றது. பக்கத்துச் சின்ன வீட்டில் அவள்.

முதுகில் மூட்டையோடு நடந்து திரியும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வர ஆரம்பித்த காலம் அது. எல்லோரும் போகிற இடங்களுக்குப் போக மாட்டோம் என்று வீம்பு பிடித்துக்கொண்டு, மழையும் காற்றும் மட்டுமே நிரந்தரமாகக் குடியிருக்கிற இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்வார்கள். ஒருநாள் தொப்பலாக நனைந்து நின்ற இரண்டு பேரைப் பார்க்கச் சகிக்காமல் அப்பாவின் வீட்டைத் திறந்துவிட்டாள். அவர்கள் போய் நாலு பேரிடம் சொன்னார்கள். எட்டுக் கட்டில் போட்டாயிற்று. முன்பதிவு கிடையாது, பூட்டும் கிடையாது. வருகிறவர்கள் உள்ளே போய்க் காலியான கட்டிலில் மூட்டையை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியது. காலையும் மாலையும் முர்டினா வந்து பார்ப்பாள். பார்ப்பது என்றால் கூட்டுவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது, அடுப்பெரிக்க எரிமண் கட்டிகளைக் கொட்டகையிலிருந்து சுமந்து வருவது. எல்லாம் அவள்தான்.

வீடு சட்டப்படி டோர்மட்டுக்கு உரியது. அவன் ஊர்க் கிறிஸ்தவ சபையின் மூப்பர். ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தான்.

"யாரு வேணா வரட்டும், எந்த மதமா வேணா இருக்கட்டும். ஓய்வு நாள் அன்னைக்கு அந்த வீட்டுல ஒரு வேலை நடக்கக் கூடாது. கோயிலுக்குப் போற சனம் கண்ணுல ஒரு துணி பட்டாலும் அன்னைக்கே கதவைச் சாத்துவேன். தங்கச்சின்னு பாக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவன். வீடு மூடினால் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்காது என்பது முர்டினாவுக்குத் தெரியும். ஆகவே கொடிக்கயிற்றைச் சனிக்கிழமை மாலை காலி செய்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கான உருளைக்கிழங்கைக்கூடச் சனிக்கிழமையே தோல் சீவி வைத்துவிடுகிற ஊர் அது.

அந்த ஜூன் மாதம் ஒரு வாரம் விடாமல் மழை. சனிக்கிழமை மதியம் நால்வர் வந்து சேர்ந்தார்கள். பெல்ஜியத்துக்காரன் வவுட், வாய் ஓயாதவன். அவனோடு அவன் நண்பர்கள் இருவர். வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்ட யாகோதா என்ற போலந்துப் பெண்ணுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அவள் நுழைந்து படுக்கும் தூக்கப்பையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். முர்டினா தன் வீட்டிலிருந்து இரண்டு கம்பளிகளைக் கொண்டுவந்து போர்த்தினாள். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு மாத்திரை கொடுத்தாள். கஞ்சி வைத்து ஊட்டினாள். எழுந்து நின்றபோது முழங்கால் மடங்க மறுத்தது. வாசலில் நின்று வவுட்டிடம், "நாளைக்கு ஞாயிறு, தம்பி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வழக்கமாக ஒவ்வொன்றாகச் சொல்வாள். துணி காயப்போடாதே, விறகு வெட்டாதே, வண்டியைப் பிரித்துப் பழுது பார்க்காதே. அன்று வாய் வரவில்லை. நாளைக்கு ஞாயிறு என்று ஒரு மனிதரிடம் சொன்ன பிறகு சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது? பால்மோரில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்பட்டதில்லை.

"ஆமா, வெயில் வருமாம்" என்றான் வவுட் சந்தோஷமாக.

வெயில் வந்தது. அந்த வருடத்தின் மிக அழகான காலை அது. மேகமே இல்லை. கடலிலிருந்து காய்ந்த காற்று வீசியது. முர்டினா கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்து கோயிலுக்குப் போனாள். டோர்மட் முன்னால் நின்று பைபிளின் சங்கீதப் பாடலை ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுக்க, சபை அலை அலையாகப் பின்தொடர்ந்தது. அந்த இரண்டு மணி நேரந்தான் வாரத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் நேரம். பிரசங்கத்தின் நடுவில் கொஞ்சம் தூங்கிவிட்டாள்கூட.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

சரிவின் உச்சியில் அப்பாவின் வீடு. அதன் முன்னே கொடிக்கயிறு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறைந்திருந்தது. கால்சட்டைகள், காலுறைகள், உள்ளாடைகள், நடுவில் ஒரு பெரிய ஆரஞ்சு நிறத் தூக்கப்பை. எல்லாம் காற்றில் குதியாட்டம் போட்டன.

பக்கத்து வீட்டு பெக்கி முர்டினாவின் காதருகே வந்தாள்.

"ஏண்டி, கொடியெல்லாம் பறக்குதே, அரசகுடும்பத்துக் கப்பல் ஏதும் வருதா? எனக்கு யாரும் சொல்லலையே."

"சும்மா இரு பெக்கி."

"நான் சும்மாதான் இருக்கேன். அந்தச் செவப்பு ஜட்டிதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

முர்டினா அண்ணனைப் பார்த்தாள். டோர்மட்டின் முகம் கல். அவன் பைபிளை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

"அண்ணே..."

"இன்னைக்கு இந்தப் பேச்சு வேண்டாம்" என்றான். "ஓய்வு நாள்ல வீட்டு வெவகாரம் பேசறதில்ல. நாளைக்குக் காலைல வர்றேன்."

அங்கேயே கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. கோபத்தைக்கூடத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்கிற மனிதனோடு பிறந்தவள் என்ன செய்வாள்?

மேட்டில் ஏறிப் போனபோது வவுட் வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"பாத்தீங்களா, பாதி காஞ்சே போச்சு" என்றான் பெருமையோடு.

அவள் படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, தெரியாதுங்க. இதோ இப்பவே எடுத்துடறேன்."

"உக்காரு. எடுக்கறதும் வேலைதான்."

"போட்டதும் தப்பு, எடுக்கறதும் தப்பா?"

"ஆமா."

"நான் உங்க சபை இல்லையே. நான் எடுத்தா யாருக்கு என்ன?"

"எங்க வாசலுக்குள்ள வந்துட்டா வெளியாளுக்கும் சேத்துத்தான் கட்டளை. நீ செஞ்சா நான் செஞ்ச மாதிரி."

வவுட் ரொட்டியைக் கீழே வைத்தான். "அப்போ இப்ப என்னதான் பண்றது?"

"பாத்துக்கிட்டு இருக்கணும்."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அபத்தத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். தான் இருப்பதே அவளுக்குப் பாரம் என்று நினைத்தானோ என்னவோ, நண்பர்களை அழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டான்.

முர்டினா யாகோதாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். நாளைக்கு இந்தக் கதவு மூடிவிடும் என்ற நினைப்பு நெஞ்சை அழுத்தியது. அந்த அழுத்தத்துக்கு அடியிலிருந்து இன்னொரு நினைப்பு மெல்லத் தலைநீட்டியது. மூடினால் காலையில் எழ வேண்டியதில்லை. முடி அடைத்த குழாயைக் குத்த வேண்டியதில்லை. தெரியாத முகங்களைப் பார்த்து முதலில் சிரிக்க வேண்டியதில்லை. தூங்கலாம். இந்த ஆசை தன் மனதுக்குள் எப்போது குடிவந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

மாலை ஆராதனைக்கு முன்பாகக் கடல் கறுத்தது. காற்று திரும்பியது. மழைத்திரை ஒன்று நீரின் மேல் நகர்ந்து வருவது ஜன்னலில் தெரிந்தது. யாகோதாவுக்கு மறுபடி நடுக்கம் எடுத்தது. இரண்டு கம்பளியும் போதவில்லை. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"என் பை..." என்றாள் அந்தப் பெண். "காஞ்சிருக்குமா?"

முர்டினா எழுந்தாள். கீழே சாலையில் கறுப்புக் கோட்டுகள் கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தன. முதல் ஆளாக டோர்மட். எல்லோருடைய கண்ணும் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்து வெளியே வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டே, ஊர் பார்க்க, கொடிக்கயிற்றை நோக்கி நடந்தாள்.

தூக்கப்பையை மட்டும் உருவினாள். தோளில் போட்டுக்கொண்டாள். கால்சட்டைகளும் காலுறைகளும் அவள் முகத்தில் தட்டின. ஒன்றையும் தொடவில்லை. நோயாளியைப் பார்க்கலாம், பசுவிடம் பால் கறக்கலாம். இரக்கத்துக்கு ஓய்வு நாள் கிடையாது என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். காலுறைக்கு இரக்கம் காட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அவள் உள்ளே வந்ததும் மழை கொட்டியது.

பையை விரித்து அந்தப் பெண்ணை அதற்குள் நுழைத்துக் கழுத்து வரை மூடினாள். அன்று மாலை முர்டினா கோயிலுக்குப் போகவில்லை.

"என்னால உங்களுக்குத் தொந்தரவு" என்றாள் யாகோதா.

"பேசாமப் படு, கண்ணு."

திங்கட்கிழமை காலை டோர்மட் வந்தான். கையில் கடப்பாரையும் மண்வெட்டியும். அதைப் பார்த்ததும் முர்டினா கதவருகே வந்து நின்றாள். வாசலையே பெயர்க்கப் போகிறானா? காய்ச்சல் இறங்கிய யாகோதா ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். வவுட் எழுந்து நின்று, கோர்ட்டில் நிற்பவனைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

டோர்மட் கொடிக்கயிற்றருகே போனான். இரவெல்லாம் நனைந்த துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"பையை எடுத்தே. மத்ததையெல்லாம் ஏன் விட்டே?"

"அதுங்களுக்குக் காய்ச்சல் இல்லையே அண்ணே."

அவன் திரும்பிக் கடலைப் பார்த்தான். தோள்கள் லேசாகக் குலுங்கின. அண்ணன் சிரிக்கிறான் என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவன் சிரித்து அவள் கடைசியாகப் பார்த்தது அம்மா இருந்த காலத்தில்.

"போதகர்கிட்டப் பேசினேன்" என்றான் குரலைச் சரிசெய்துகொண்டு. "அந்தப் பொண்ணுக்குச் செஞ்சது தப்பில்லைன்னார். எனக்கும் அது தெரியும். ஆனா இந்தச் செவப்புச் சனியனை ஊரே பாத்துட்டது. முதல்ல இதையெல்லாம் எடுக்கச் சொல்லு."

அவர்கள் பேசிய தீவு மொழி தெரியாவிட்டாலும் வவுட்டுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஓடிவந்து அள்ளினான்.

டோர்மட் கம்பங்களைப் பெயர்த்தான். அவற்றைத் தோளில் சுமந்து வீட்டின் பின்பக்கம் போனான். கோயில் சாலையிலிருந்து யார் கண்ணுக்கும் படாத இடம். காற்றும் படாத இடம். கொசு மொய்க்கும். அங்கே ஒரு துணி காய இரண்டு நாள் ஆகும். அவன் குழி தோண்ட ஆரம்பித்தான்.

அப்படியானால் வீடு மூடப்படவில்லை. முர்டினா அதை மெல்ல மெல்ல உணர்ந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கண்ணில் நீர் திரண்டதற்குக் காரணம் சந்தோஷம் இல்லை. எத்தனையோ வருடங்களாக மூடிவைத்த ஏதோ ஒன்று, கம்பத்தைப் பிடுங்கிய குழி மாதிரி, திறந்துகொண்டது. தடுக்கத் தெம்பு இல்லாமல் அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

"என்னடி இப்ப? அதான் சாத்தலையே."

"சாத்திடுவேன்னு நெனச்சேன் அண்ணே. சாத்தினா தூங்கலாம்னு நெனச்சேன்."

மண்வெட்டி நின்றது. டோர்மட் தங்கையை, முதல்முறையாகப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழ்வரை பார்த்தான். வீங்கிய முழங்கால். வெந்நீரும் சலவைச் சோடாவும் தின்ற கைகள்.

"ஒரு வாரம் நீ பாத்துக்குவியா?" என்றாள் அவள். "நான் எங்கயும் போகலை. என் வீட்டுலயே கதவைச் சாத்திக்கிட்டுக் கெடக்கணும். ஒரு வாரம்."

"நானா? எனக்கு இவங்க பாஷைல சிரிக்கத் தெரியாதே."

"சிரிக்க வேண்டாம். கட்டிலைக் காட்டினாப் போதும்."

அவன் கம்பத்தைக் குழியில் நிறுத்தினான். வவுட் ஓடிவந்து பிடித்துக்கொள்ள, சுற்றிலும் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தான். கெட்டிப்படும் வரை மிதித்தான். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"அடுப்புக்கு ஒரு வேளைக்கு எத்தனை கட்டி போடுவே?"