மூன்றாம் பேஸில் நிறுத்திய பெண்

தலத்தெரு பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிறுதோறும் பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்துவந்தேன். நான்கு வருடமாக ஆடுகிறவளும் போன வாரம் சேர்ந்தவளும் ஒன்றாகவே ஆடுவார்கள். தனியாகப் பிரித்தால் புதியவர்களின் மனசு நோகும் என்பது அப்போது என் எண்ணம்.

அன்று அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் புதுப் பெண்ணை, பலமாக அடித்த பந்து நேராகப் பாய்ந்து வரும் மூன்றாம் பேஸில் நிறுத்தினேன். பேட்டோடு நின்றவள் எல்லோரையும்விட பலமாக அடிப்பவள்.

"மிஸ், அவளுக்கு இன்னும் பந்து புடிக்கவே வரல. கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றாள் அடிக்க நின்றவள்.

"நீ அடி. அவளும் பழகணும்ல" என்றேன்.

பந்து நேராகப் புதியவளின் முகத்துக்குப் போனது. கிளவுஸைத் தூக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கன்ன எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா என்னைத் திட்டவில்லை.

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதாங்க அனுப்புனேன்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது புதியவர்களுக்குத் தனி நேரம், மெத்தென்ற பந்து, முகத்துக்குக் கம்பிக் கவசம். காயம்பட்டவள் மூன்று மாதத்தில் திரும்பி வந்தாள். அடித்தவள் வரவேயில்லை. வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன்.

"பேட்ட எடுத்தாலே அவ முகந்தான் தெரியுது மிஸ்" என்றாள்.