கூரையைத் தொடாத சுவர்

கணினியில் கட்டிய வீட்டுக்குள் வெளிச்சத்தை நிஜம்போல விழவைப்பது என் வேலை. சாந்தன்பாறையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கொச்சியில் இருக்கும் அனிமேஷன் ஸ்டுடியோ ஒன்றுக்குச் செய்கிறேன். போன மழைக்காலத்தில் என் இரண்டு ஷாட்டுகளை அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவதும் தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் மிகவும் மரியாதையான மலையாளத்தில் சொல்லிவிட்டார். அம்மாவும் நானும் சாப்பிடுவது இந்த ஒரு சம்பளத்தில்தான்.

மூன்றாவது ஷாட் என்ன தெரியுமா? தேயிலைத் தோட்டத்து லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. அந்திநேரம், அடுப்பில் மட்டும் நெருப்பு, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சின்னக்கானல் பக்கம் அப்படி ஒரு லயத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அம்மா வேலையிலிருந்து நிற்கும்வரை கொழுந்து கிள்ளியவள். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

வரவில்லை. சுவர் அட்டைபோல நின்றது. பாத்திரங்களுக்கு அடியில் தார் ஊற்றிய மாதிரி கறுப்பு. நெருப்பைக் கூட்டினால் அந்தப் பெண்ணின் முகம் வெந்துபோனது; குறைத்தால் வீடே காணாமல் போனது. ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்பவேண்டும் என்ற எண்ணிக்கையை ஏற்றினேன். ஒரே ஒரு படம் வெளிவர அரைநாள் பிடித்தது, அதற்குள் கரண்ட் இரண்டு தடவை போனது. சுவரில் கரியும் அழுக்கும் பூசிப் பார்த்தேன். அழுக்கான அட்டை ஆயிற்று, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் எனக்கு வெறுத்தேவிட்டது. பிறந்த வீட்டையே செய்யத் தெரியாதவனுக்கு இந்தத் தொழில் ஒரு கேடா என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிடக் கூப்பிட வந்த அம்மாவிடமும் எரிந்து விழுந்தேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள்.

"ஏல, இது நம்ம லயமால?"

"ஆமா."

"பொறவு எதுக்குச் செவுத்தக் கூரை வரைக்கும் கொண்டு போயிருக்க? மேல தொறந்துல்லா கெடக்கும். பொழுது சாஞ்சா பக்கத்து வீட்டுல பல்பப் போடுவாக. அந்த வெளிச்சம் நம்ம கூரைத் தகரத்துல பட்டு எறங்குமே. அதுலதானல நீ படிச்ச?"

லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. ஒரு முழம் குறைவாகவே நின்றுவிடும். வேலை முடிந்து எந்த வீட்டார் முதலில் வருகிறார்களோ அவர்கள் பல்பைப் போடுவார்கள். மற்ற வீட்டில் சமையல் முடியும்வரை அதுவே போதும். என் தொழிலிலோ, இடுக்கு வழியாக வரும் வெளிச்சத்துக்கு லைட் லீக் என்று பெயர். அது பிழை. எந்த வீட்டைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாக இடுக்குகளை அடைப்போம். கைப்பழக்கத்தில் என் வீட்டையும் அடைத்திருக்கிறேன்.

திறந்தேன். ஏற்றிய எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் பல்பு வைத்தேன். தகரத்தில் பட்டு வெளிச்சம் மெதுவாக இறங்கியது, பாத்திரங்களுக்கு அடியில் கறுப்பு இளகியது, சுவர் சுவரானது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இப்ப சரி, சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் ஷாட் திரும்பி வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்த மேலாளர், சுவரின் மேல்பக்கம் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். லைட் லீக், அடைக்கவும்.

ஒரு ஃபோன் போட்டு விளக்கியிருக்கலாம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீடு எங்கே என்று கேட்டார்கள். எஸ்டேட்டில் என்றேன். எஸ்டேட்டே எங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. இப்போது இந்தச் சுவரைப் பற்றிப் பேச வாய் திறந்தால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஃபோனை எடுத்தேன், வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி, வெட்கம் பாதி என்று சொல்ல ஆசைதான். வெட்கம்தான் அதிகம்.

அடைத்தேன். போன வெளிச்சத்தை ஈடுகட்ட, அடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கை ஒளித்துவைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஒப்புதல் வந்தது. நிஜ வீடு மாதிரியே இருக்கிறது என்று மேலாளர் பாராட்டினார். வேலை தப்பியது.

படம் முடிந்ததா, காட்டு என்றாள் அம்மா. ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகரத்தைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரவுக காலி பண்ணிட்டுப் போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.